வன்னியில் 2009க்குப் பிறகு வந்தது வளர்ச்சியா, மீள்வா? வரலாறு, கோட்பாடு, மாதிரி மூன்றையும் வைத்துக் கதைப்பம் (தனி வரியில் வரும் இடப்பெயர்கள் எழுதுகிறவர்களின் பெயர்கள்)

ஒட்டுசுட்டான்

2009 மேயில் போர் முடிந்தது. அடுத்த சில வருடங்கள் மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் வடக்கின் வேகம்தான் முன்னுக்கு நின்றது. ஏ9 வீதி, வீடமைப்பு, வங்கிக் கிளைகள், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை வந்த ரயில் எல்லாம் அந்தக் காலத்தவை. பிறகு வேகம் தணிந்தது.

இதுக்கு மூன்று விளக்கம் சொல்லப்படுகிறது. "அழிந்ததைத் திருப்பிக் கட்டினது மட்டும்தான், சொலோவின்ரை வளர்ச்சி மாதிரி (model) சொல்லுறதும் அதுதான்" என்பது ஒன்று. "வன்னியின்ரை வரலாறு வேறை, பாடப்புத்தக மாதிரி இஞ்சை பொருந்தாது" என்பது மற்றது. "தரவே இல்லை, கதைச்சுப் பயனில்லை" என்பது மூன்றாவது. மூன்றும் கேள்வியை மூடுகிறதே தவிர விடை தரவில்லை. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கிற பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய பதில் வேணும். எண்ணோடு சொல்லுங்கோ.

இரணைமடு

முதல் விளக்கத்தை எடுப்பம். மாதிரி அப்படிச் சொல்லவில்லை, கணக்குப் போட்டால் தெரியும்.

ரொபேர்ட் சொலோ 1956இல் எழுதினதின் சாரம் இது: உற்பத்தி மூலதனத்திலும் ஊழியத்திலும் தொழில்நுட்ப மட்டத்திலும் தங்கியிருக்கிறது. மூலதனம் கூடக் கூட அடுத்த அலகு தருகிற பயன் குறையும். சேமிப்பு மூலதனத்தைக் கூட்டும், தேய்மானமும் சனத்தொகைப் பெருக்கமும் ஆளுக்கான மூலதனத்தைக் குறைக்கும். இரண்டும் சமப்படுகிற இடம் உறுதிநிலை.

மூலதனத்தின் பங்கை மூன்றில் ஒன்று என்று வையுங்கோ; அப்ப மற்றது மாறாதிருந்தால் உற்பத்தி மூலதனத்தின் கனமூலத்தோடை போகும். உறுதிநிலையில் மூலதனம் 1, உற்பத்தி 1. இனி மூலதனத்தில் பாதியை அழியுங்கோ. 0.5இன் கனமூலம் 0.79. அதாவது பாதி மூலதனம் போனால் உற்பத்தி 21 சதவீதம்தான் விழும். முக்கால்வாசி போனால் 0.25இன் கனமூலம் 0.63, வீழ்ச்சி 37 சதவீதம். முக்கால்வாசி அழிவு என்பது எவ்வளவு பெரிய அழிவு என்று யோசியுங்கோ. அதுக்கே உற்பத்தி பாதியாகவில்லை.

அடுத்தது மீள்கிற வேகம். சனத்தொகைப் பெருக்கம், தொழில்நுட்ப வளர்ச்சி, தேய்மானம் மூன்றையும் கூட்டி 6 சதவீதம் என்று எடுத்தால், பாதி மூலதனம் அழிந்த பொருளாதாரம் முதல் வருடத்தில் வழமையான வளர்ச்சிக்கு மேலதிகமாக 1.2 சதவீதப் புள்ளிதான் வளரும். முக்கால்வாசி அழிந்ததெண்டால் ஏறக்குறைய 3 புள்ளி. இடைவெளி வருடத்துக்கு ஏறக்குறைய 4 சதவீத வேகத்தில் மூடும், பாதி மூட 17 வருடம் செல்லும்.

ஆகவே "மூலதனத்தைத் திருப்பிக் கட்டினது" என்கிற ஒரே காரணம் திடீர் ஏற்றத்தையும் விளக்காது, சில வருடத்தில் அது தணிந்ததையும் விளக்காது. மாதிரி எங்கை தோற்குதோ அங்கைதான் அது பிரயோசனப்படுகுது. தான் விட்ட இடங்களை அதுவே காட்டித் தருகுது. இந்த மாதிரியில் முதலீடு உள்ளூர்ச் சேமிப்பிலிருந்து மட்டும் வருகுது. வன்னிக்கு வந்த காசு அரசின் பாதீட்டிலிருந்தும் கொடையாளரிட்டை இருந்தும் வெளிநாட்டு உறவுகளிட்டை இருந்தும் வந்தது. மாதிரியில் ஊழியம் மெல்லக் கூடும்; இஞ்சை முகாமிலிருந்த சனம் குறுகிய காலத்துக்குள் ஊர் திரும்பினது. மாதிரியில் சந்தை எப்பவும் திறந்திருக்கும். ஏ9 2006 ஓகஸ்டில் மூடப்பட்டுப் போருக்குப் பிறகுதான் திரும்பத் திறந்தது. இந்த மூன்றும் ஒரே தரம் நடக்கிற மாற்றங்கள். ஒருக்கால் தூக்கிவிடும், வருடா வருடம் தூக்காது. வேகம் தணிந்ததுக்கான காரணத்தை முதலில் இஞ்சைதான் தேட வேணும்.

நந்திக்கடல்

இரணைமடு அண்ணை, விளங்குது. ஆனால் மூலதனம், ஊழியம் தவிர்ந்த எல்லாத்தையும் "தொழில்நுட்பம்" என்ற ஒரு பெட்டிக்குள்ளை போடுறது சரியோ? கண்ணிவெடி அகற்றாத வயல், மீன்பிடிக்கு இருந்த கடல் தடை, விடுபடாத காணி, சந்தைக்குப் போக முடியாத மரக்கறி, இதொண்டும் தொழில்நுட்பம் இல்லையே.

இரணைமடு

சரியான கேள்வி. அந்தப் பெட்டிக்கு எச்சம் என்று பெயர். சொலோ 1957இல் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையான தரவை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது ஆள்மணிக்கான (ஒரு ஆளின் ஒரு மணிநேர வேலைக்கான) உற்பத்தி இரட்டிப்பானதில் 87.5 சதவீதம் எச்சத்துக்குள் விழுந்தது. அதுக்கு முதல் வருடமே மோசஸ் ஏப்ரமோவிட்ஸ் அந்த எச்சத்தை எங்கள் அறியாமையின் அளவு என்று எழுதிவிட்டார்.

ஒரு கற்பனை உதாரணம். ஆளுக்கான உற்பத்தி, போர் இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய மட்டத்தின் பாதிக்கு வந்தது என்று வையுங்கோ. முக்கால்வாசி மூலதன அழிவு 0.63க்குத்தான் இறக்கும். 0.5ஐ 0.63ஆல் பிரித்தால் 0.79. மிச்ச 21 சதவீத வீழ்ச்சி எச்சத்தில் இருக்குது. நீங்கள் சொன்ன கண்ணிவெடி, கடல் தடை, காணி எல்லாம் அதுக்குள்ளைதான். பெட்டிக்குப் பெயர் வைக்கிறதோடை நிக்காமல் அதைத் திறந்து பிரிக்க வேணும். பிரிக்கிறதுக்கு வரலாறு தெரியாமல் ஏலாது. அதை முத்தையன்கட்டு அக்கா எழுதினால் நல்லது.

முத்தையன்கட்டு

வன்னியின் பொருளாதார வரலாற்றில் முதலில் கேட்க வேண்டியது: எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோம்? இதற்குப் பதில் சொல்லாமல் "மீண்டது", "மீளவில்லை" என்று எதுவும் சொல்ல முடியாது.

ஹங்கேரியப் பொருளியலாளர் பெரென்ட்ஸ் யானோஷி 1960களில் ஒரு விடயத்தை அழுத்திச் சொன்னார். போரால் அழிந்த நாடு, போருக்கு முந்திய மட்டத்தை எட்டியதும் வேகம் குறைவதில்லை. போர் இல்லாதிருந்தால் அந்த நாடு எங்கே நின்றிருக்குமோ அந்தப் போக்குக்கோட்டைத் தொடும் வரை வேகமாக வளரும். அந்தக் கோட்டைத் தீர்மானிப்பது கட்டடமும் இயந்திரமும் அல்ல, மக்களின் தொழில் திறன். மேற்கு ஜேர்மனியிலும் யப்பானிலும் தொழிற்சாலை எரிந்தது, பொறியியலாளரும் மெக்கானிக்கும் பெருமளவு மிஞ்சினார்கள். வன்னியில் நடந்தது வேறு. திறன் உள்ளவர்களில் பெரும் பங்கினர் வெளிநாடு போனார்கள், இருந்தவர்களின் பள்ளிப்படிப்பு இடப்பெயர்வுகளால் திரும்பத் திரும்ப அறுந்தது. யானோஷியின் கோட்பாட்டை அப்படியே இங்கே வைத்தால், இழந்தது கோட்டுக்குக் கீழே விழுந்த தூரம் மட்டுமல்ல, கோடே கீழே இறங்கியிருக்கிறது. யப்பானிய நகரங்களைப் பற்றி டேவிஸும் வைன்ஸ்டைனும் 2002இல் செய்த ஆய்வில் நாகசாகி 1960 அளவிலும் ஹிரோஷிமா 1975 அளவிலும் தம் பழைய சனத்தொகை வளர்ச்சிப் போக்குக்குத் திரும்பின. அதைக் காட்டி "இங்கேயும் தானாகத் திரும்பும்" என்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போகிறார்கள்.

இரண்டாவது, போருக்கு முந்திய வன்னியின் வளர்ச்சி எந்த வகை? 19ஆம் நூற்றாண்டில் குளங்கள் உடைந்து, மலேரியா நிறைந்து, சனம் மிகக் குறைந்த பிரதேசம் இது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.டி தெளிப்போடு மலேரியா இறங்கியது. குடியேற்றத் திட்டங்கள் வந்தன, படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன, 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. இதன் பொருள்: அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி காணியும் ஆளும் நீரும் கூடியதால் வந்தது. ஏக்கருக்கான விளைச்சலும் ஆளுக்கான வருமானமும் கூடியதா என்பது தனிக் கேள்வி. நோய் ஒழிப்பு பற்றி உலக அளவில் இதே கேள்வி பெரிய விவாதமானது. ஆயுள் கூடியபோது சனத்தொகை கூடியது, ஆனால் ஆளுக்கான வருமானம் கூடவில்லை என்று அசெமோக்லுவும் ஜோன்சனும் 2007இல் வாதிட்டார்கள். மலேரியா ஒழிந்த பகுதிகளில் பிள்ளைகளின் கல்வி கூடியதை ஏட்ரியன் லூகாஸ் இலங்கைத் தரவையும் பராகுவேத் தரவையும் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கல்வி வழியாக வருகிற பயன் ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் வருமானத்தில் தெரியும். வன்னியில் அந்தத் தலைமுறை வேலைக்கு வந்த காலமும் போர் தொடங்கிய காலமும் ஒன்று.

மூன்றாவது, இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. விலை ஏறியது, வடக்கு விவசாயிகள் கையில் காசு புழங்கியது. 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் விலை விழுந்தது. வருமானக் கணக்கில் அந்த ஏழு வருடம் பொற்காலமாகத் தெரியும். அதில் விளைச்சலால் வந்தது எவ்வளவு, விலையால் வந்தது எவ்வளவு என்று பிரிக்காமல் 1976ஐ அடிப்படை வருடமாக எடுத்தால் அதற்குப் பின் வந்ததெல்லாம் சரிவாகவே தெரியும். 1978ஐ எடுத்தால் கதை மாறும்.

கோட்பாட்டைத் தெரிவு செய்வதிலும் வரலாறு கை வைக்கும். ஆர்தர் லூயிஸின் 1954ஆம் ஆண்டுக் கோட்பாடு, விவசாயத்தில் தேவைக்கு மேல் ஊழியம் தேங்கியிருக்கிறது, அது குறைந்த கூலிக்கு நகரத் தொழிலுக்குப் போகும் என்று தொடங்குகிறது. 1960களின் வன்னியில் காணிதான் தாராளம், ஆள் தட்டுப்பாடு; அரிவுவெட்டுக் காலத்தில் வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. கோட்பாட்டின் முதல் வரியே இங்கே பொய்க்கிறது. அதைப் பிழையான கோட்பாடு என்று சொல்லவில்லை, இந்த மண்ணுக்கு எடுக்கிற கோட்பாடு அது இல்லை.

பாலியாறு

மூன்றாவது விளக்கத்துக்கு, அதாவது "தரவு இல்லை" என்பதுக்கு, நான் பதில் எழுதுறன். தரவு இருக்குது. ஒவ்வொன்றும் எங்கை பிழைக்கும் எண்டு தெரிஞ்சு கொண்டு பாவிக்க வேணும்.

எல்லையிலிருந்து தொடங்குங்கோ. முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் பக்கத்து மாவட்டங்களின் துண்டுகளைச் சேர்த்து உருவானது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளை இருந்தது. ஆகவே 1981 சனத்தொகைக் கணக்கெடுப்பில் "கிளிநொச்சி மாவட்டம்" எண்டு ஒரு வரி கிடையாது. பிரிவு மட்டத்திலை இறங்கி, கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி எண்டு கூட்டி எடுக்க வேணும். 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்கும் 2012க்கும் நடுவிலை நேர்கோடு போட்டு நிரப்பக்கூடாது. அந்த 31 வருடத்துக்குள்ளை சனம் எத்தனையோ தரம் ஏறி இறங்கினது.

மாகாண மொத்த உற்பத்தி: மத்திய வங்கி நாட்டின் மொத்தத்தை எடுத்துத் துறைவாரியாகக் குறிகாட்டிகளை வைத்து மாகாணங்களுக்குப் பங்கிடுகிறது. நடைமுறை விலையில் வருகுது. பணவீக்கத்தைக் கழிக்காமல் "20 சதவீதம் வளர்ந்தது" எண்டு எழுதிறது பெரும் பிழை. அதோடை வடக்கு எண்டால் யாழ்ப்பாணமும் சேர்ந்தது, வன்னியை அதுக்குள்ளை தனியே காண ஏலாது.

வறுமைத் தரவு: வீட்டு வருமானச் செலவு ஆய்வு 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றையும் உள்ளடக்கவில்லை. 2012/13இல் உள்ளடக்கினது. அப்ப தலைக்கணக்கு வறுமை (வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற சனத்தின் பங்கு) முல்லைத்தீவில் 28.8, மன்னாரில் 20.1, கிளிநொச்சியில் 12.7, நாட்டுக்கு 6.7 சதவீதம். 2016இல் முல்லைத்தீவு 12.7, மன்னார் 1.0, கிளிநொச்சி 18.2, நாடு 4.1. மன்னார் நாலு வருடத்தில் 20இலிருந்து 1க்கு இறங்கினது, பக்கத்து கிளிநொச்சி ஏறினது. இதைப் பார்த்து மன்னாரின் அதிசயம் எண்டு கட்டுரை எழுத முதல், மாவட்டத்தில் ஆய்வுக்கு எடுத்த குடும்பங்கள் எத்தனை, நம்பிக்கை இடைவெளி (எண் எவ்வளவு கூடிக் குறையலாம் எண்ட வீச்சு) எவ்வளவு, ஆய்வு அந்த மாவட்டத்தில் அறுவடைக்கு முந்தியா பிந்தியா நடந்தது எண்டு பாருங்கோ. கோட்டுக்குக் கிட்டக் கனக்க குடும்பங்கள் இருந்தால் ஒரு போகத்தின் மழை போதும், எண் தலைகீழாக. 2019 ஆய்வுக்குப் புதிய வறுமைக்கோடு வந்தது, நாட்டு அளவே 14.3 ஆனது. பழைய வரிசையோடை அதை ஒட்ட வேண்டாம்.

இரவு வெளிச்சம்: உற்பத்தித் தரவு இல்லாத இடத்தில் செய்மதி வெளிச்சத்தை வைத்து வளர்ச்சியை மதிப்பிடும் முறையை ஹென்டர்சன், ஸ்டோரிகார்ட், வைல் மூவரும் 2012இல் பிரபலப்படுத்தினார்கள். வெளிச்சம் 10 சதவீதம் கூடினால் உற்பத்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடினதாக அவர்கள் மதிப்பீடு. வன்னியில் இரண்டு ஆபத்து. போர்க்காலத்தில் பெரும்பகுதிக்குத் தேசிய மின் இணைப்பே இல்லை. கம்பி வந்த அண்டே வெளிச்சம் பாயும், வருமானம் பாயாது. மற்றது, பழைய செய்மதித் தொடர் 1992 முதல் 2013 வரை, புதிய தொடர் 2012இலிருந்து. உணரியும் அளவுகோலும் வேறு. இரண்டையும் ஒட்டுற இடம் எங்களுக்கு வேண்டிய அதே வருடங்களில் வருகுது. மின் இணைப்புக் கிடைத்த வருடத்தை ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் தனி மாறியாகப் போட்டுக் கழிக்காமல் இந்த முறையைப் பாவிக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான்

பாலியாறு தம்பி, அருமை. வளர்ச்சிக் கணக்கீட்டை எக்செலில் செய்யிற பிள்ளைக்குப் படிகளாகச் சொல்லுவியளோ? குறிப்பாக மூலதனத்தை எப்படி எடுக்கிறது?

பாலியாறு

ஓம். முதலில் வாய்ப்பாடு: உற்பத்தி வளர்ச்சியிலிருந்து, மூலதனப் பங்கால் பெருக்கிய மூலதன வளர்ச்சியையும், ஊழியப் பங்கால் பெருக்கிய ஊழிய வளர்ச்சியையும் கழி. பயிற்சிக்கு ஒரு கற்பனை எண்: உற்பத்தி 8, மூலதனம் 12, ஊழியம் 2 சதவீதம். மூலதனத்தால் 4, ஊழியத்தால் 1.33, எச்சம் 2.67.

மூலதனத் தொடர் கட்டுறது: இந்த வருட மூலதனத்திலிருந்து தேய்மானத்தைக் கழித்து முதலீட்டைக் கூட்டினால் அடுத்த வருட மூலதனம். தொடக்க வருடத்துக்கு வழமையாக, முதலீட்டை வளர்ச்சி வீதமும் தேய்மான வீதமும் கூட்டின தொகையால் பிரிப்பார்கள். அந்த வழி பொருளாதாரம் உறுதிநிலையில் இருக்குது எண்டு நம்பிச் செய்யிறது. 2010 வன்னிக்கு அது அறவே பொருந்தாது: முதலீடு உச்சத்தில், கையிருப்பு அடிமட்டத்தில். அந்த வாய்ப்பாடு தொடக்க மூலதனத்தைப் பலமடங்கு கூட்டிக் காட்டும், பிறகு மூலதன வளர்ச்சி குறைவாகத் தெரியும், எச்சம் ஊதும், "உற்பத்தித்திறன் பாய்ந்தது" எண்ட பொய் முடிவு வரும். பிழை கெதியாகக் கரையவும் மாட்டுது. தேய்மானம் 5 சதவீதம் எண்டால் தொடக்கப் பிழையின் 60 சதவீதம் 10 வருடத்துக்குப் பிறகும் தொடருக்குள்ளை இருக்கும், 20 வருடத்துக்குப் பிறகும் 36 சதவீதம். அதனால் பௌதிகமாக எண்ணுங்கோ: வீடு, உழவு இயந்திரம், வள்ளம், நீரிறைக்கும் இயந்திரம், கிணறு. மாவட்டச் செயலகப் புள்ளிவிவரக் கைநூல்களில் பெரும்பாலானவை கிடைக்கும். ஒரு நிலையான வருட விலையால் பெருக்குங்கோ.

ஊழியப் பங்கு: வன்னியில் பெரும்பாலானோர் சொந்தத் தொழில். கமக்காரரின் வருமானத்துக்குள் கூலியும் இருக்குது, காணி வாடகையும் இருக்குது, மூலதன வருவாயும் இருக்குது. சம்பளத்தை மட்டும் ஊழியப் பங்காக எடுத்தால் அது மிகச் சிறிதாக வரும். டக்ளஸ் கொலின் 2002இல் சொந்தத் தொழில் வருமானத்தைத் திருத்திப் பார்த்தபோது பெரும்பாலான நாடுகளில் ஊழியப் பங்கு 0.65க்கும் 0.80க்கும் இடையில் வந்தது. 0.65, 0.70, 0.75 மூன்றாலும் ஓட்டிப் பாருங்கோ. முடிவு தலைகீழானால் அந்த முடிவை எழுத வேண்டாம்.

நெல்லை விலையில் எடுக்காமல் தொன்னில் எடுங்கோ. காலபோகம் (மாரிச் செய்கை), சிறுபோகம் (கோடைச் செய்கை) தனித்தனியாக. தனி வருடத்தை அடிப்படையாக எடுக்கக்கூடாது; 2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் அடித்தது, 2021 இரசாயன உரத் தடை 2021/22 காலபோக விளைச்சலை விழுத்தினது. மூன்று வருடத்துக்குக் குறையாத சராசரி பாவியுங்கோ.

நந்திக்கடல்

போர் இல்லாத வன்னியைக் கட்டிப் பார்க்கிற முறை ஒண்டு இருக்கே, ஸ்பெயினின்ரை பாஸ்க் மாகாணத்துக்குச் செய்தது. அதை இஞ்சை செய்யலாமோ?

இரணைமடு

அபாடியும் கார்டியாசபாலும் 2003இல் செய்தது. ஸ்பெயினின் மற்றப் பிரதேசங்களை நிறையிட்டுச் சேர்த்து, வன்முறைக்கு முந்திய பாஸ்க் பிரதேசத்தைப் போன்ற ஒரு செயற்கைப் பிரதேசத்தை உருவாக்கினார்கள். நிறை கட்டலோனியாவுக்கு 0.85, மட்ரிட்டுக்கு 0.15. பிறகு இரண்டும் பிரிகிற தூரத்தை அளந்தார்கள், ஆளுக்கான உற்பத்தியில் ஏறக்குறைய 10 சதவீத இழப்பு.

வன்னிக்குச் செய்யலாம், மூன்று நிபந்தனை இருக்குது. போருக்கு முந்திய நீளமான தொடர் வேணும். ஆளுக்கான உற்பத்திக்கு அது இல்லை, நெல் விளைச்சலுக்கும் சனத்தொகைக்கும் ஓரளவு இருக்குது, அதுகளையே எடுக்க வேணும். ஒப்பீட்டு மாவட்டங்கள் உலர்வலயமாக, குளத்துப் பாசனமாக இருக்க வேணும். அனுராதபுரம், பொலநறுவை, மொனராகலை, அம்பாந்தோட்டை வரும். மூன்றாவதுதான் கடினம்: ஒப்பீட்டு மாவட்டம் அதே போரால் பாதிக்கப்படாமல் இருக்க வேணும். அனுராதபுரத்தின் எல்லைக் கிராமங்கள் பாதிக்கப்பட்டன. அதோடு மகாவலித் திட்ட நீரும் அரச முதலீடும் பொலநறுவைக்கும் அனுராதபுரத்துக்கும் அதே காலத்தில் போனது. அப்ப நீங்கள் அளக்கிற இடைவெளியில் போரால் வன்னி இழந்ததும் மகாவலியால் மற்றவர் பெற்றதும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு ஒப்பீட்டு மாவட்டத்தையும் மாறி மாறி விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கோ. மொனராகலையும் அம்பாந்தோட்டையும் மட்டும் வைத்து வருகிற இடைவெளி சிறிதாகவும், பொலநறுவையைச் சேர்த்தால் பெரிதாகவும் வந்தால் அந்த வித்தியாசம் மகாவலி பக்கம் கையைக் காட்டுது.

முத்தையன்கட்டு

ஒன்று சேர்க்கிறேன். 2025 நோபல் பரிசின் பாதி பொருளாதார வரலாற்றாசிரியர் ஜோயல் மோக்கியருக்கும், மறுபாதி கணித மாதிரி கட்டிய அகியோனுக்கும் ஹொவிட்டுக்கும் போனது. மோக்கியரின் கேள்வி: ஒரு செய்முறை வேலை செய்கிறது என்பதோடு, அது ஏன் வேலை செய்கிறது என்ற அறிவும் சமூகத்துக்குள் இருக்கிறதா? அகியோன், ஹொவிட் மாதிரியில் புதியது பழையதைத் தள்ளிவிட்டு வரும். தள்ளப்பட்ட நிறுவனம் நட்டப்படும். வன்னியில் இந்த இரண்டாவது மாதிரியை வைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை நிறுத்தியது எந்தப் போட்டி நிறுவனமும் அல்ல, போர். ஆனையிறவு உப்பளமும் அப்படியே.  புதியது வராமலே பழையது அழிந்த இடத்தில், அழிவைப் புத்தாக்கத்தின் விலையாகக் காட்டும் மாதிரி காரணத்தைத் தவறான இடத்தில் வைக்கும். மோக்கியரின் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். உப்பளத்தில் உவர்நீரின் செறிவை எந்தப் பாத்தியில் எவ்வளவுக்கு விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் நீண்ட இடைவெளிக்குப் பின் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? இதைக் கணக்கெடுக்கலாம். எச்சம் என்ற பெட்டியைத் திறக்க அது ஒரு வழி.

ஒட்டுசுட்டான்

மூவருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு முதல் வேலையாக எதைக் கொடுக்கலாம்?

பாலியாறு

கரைச்சிப் பிரிவு ஒண்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ. நாலு நிரல்: 1981 சனத்தொகை, 2012 சனத்தொகை, காலபோக நெல் பரப்பு, ஏக்கருக்கான விளைச்சல். பின்னிரண்டுக்கும் 1978 முதல் 1982 வரையும் 2012 முதல் 2016 வரையும் சராசரி. பரப்பு வளர்ச்சியையும் விளைச்சல் வளர்ச்சியையும் மடக்கையில் (log) பிரித்தால், மொத்த நெல்லில் எந்தப் பங்கு காணியால், எந்தப் பங்கு விளைச்சலால் எண்டு வரும். விதையினமும் உரமும் நாடு முழுக்க மாறினதைக் கழிக்க, மொனராகலையின் அதே இரண்டு காலத்து விளைச்சலைப் பக்கத்தில் போடச் சொல்லுங்கோ. அட்டவணை வந்ததும் இஞ்சை போடுங்கோ, இரணைமடு அண்ணையும் நானும் எண்களைப் பாக்கிறம்.